மஷூரின் வாக்கு

மஷூர் மவுத்தாகி ஐந்து மாதமாகியும் நாள்தோறும் பத்துப் பதிவுகளுக்கு வாக்குப் போட்டுக்கொண்டிருந்தார். காலையில் உடம்பை மெலியவைக்கும் தேயிலைக்கு ஒன்று. பகலில் கனடாவிலிருந்து ஒருவர் எழுதும் நிலாக் கவிதைக்கு ஒன்று. அஸர் தொழுகைக்குப் பிறகு காணித்துண்டு விற்பவனுக்கு ஒன்று. ஒவ்வொன்றின் கீழும் மறக்காமல் "பொருத்தமான பதிவு. வாழ்த்துகள்" என்று ஒரு வரியும் எழுதினார். உயிரோடு இருந்த காலத்தில் யாரையும் இலேசில் வாழ்த்தாத மனுஷன் அவர்.

இதில் பேயுமில்லை, பிசாசுமில்லை. அவருடைய எக்கவுண்டை அவருடைய மனைவி ஹபீலா தூக்கிக் கொடுத்திருந்தாள், அவ்வளவுதான். பேய், பிசாசு என்று யோசிக்க வேண்டி வந்தது பிறகு.

'நாலுவரி' என்ற அந்த இணையத்தளத்தில் யாரும் எழுதலாம். வாசிப்பவர்கள் வாக்குப் போடுவார்கள். வாக்குக்கு ஏற்ற மாதிரி எழுதியவருக்குப் புள்ளிகள் விழும். புள்ளிகள் சேர்ந்தால் கைக்கு ஏதோ கொஞ்சம் வரும். அந்தக் கொஞ்சத்துக்காக யாரும் அங்கே அடிபடுவதில்லை. அடிபடுவது முதல் பக்கத்துக்கு. முதல் பக்கத்தில் பத்து இடங்கள்தான் உண்டு. அதில் வந்தால் ஊர் உலகம் வாசிக்கும். வராவிட்டால் எழுதியவரும் அவருடைய போனும்தான் வாசகர்கள். எல்லா வாக்கும் ஒரே கனமும் இல்லை. ஆறு வருஷம் விடாமல் எழுதிய மஷூரின் ஒரு வாக்கு, நேற்று வந்த ஐம்பது பேரின் வாக்குக்குச் சமம்.

மஷூர் வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுபவராக இருந்தார். ஆள் வராத நேரம் எழுதுவார். அவருக்கு அந்தத் தளத்தில் தீராத ஒரு சண்டை இருந்தது. காசு கொடுத்து வாக்கு வாங்கி மேலே ஏறுவது நியாயமா என்பதுதான் அது. "காசு குடுத்துத் தூக்கின பதிவை வாசிக்கிறவன் எழுத்தை வாசிக்கல்ல, பர்ஸை வாசிக்கிறான்" என்று எழுதுவார். எதிர்த்துப் பேசியவர்களுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் போடுவார். சோறு ஆறிப்போகும், அவர் பதில் போட்டுக்கொண்டிருப்பார்.

தன்னுடைய கனத்த வாக்கை அவர் தினமும் ஒரே ஒரு ஆளுக்குத்தான் கொடுத்தார். அழகுமுத்து என்று ஒருவர். புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமி. ஜிந்துப்பிட்டியில் ஏதோ ஒரு சந்தில் இருப்பவர். பகல் சாப்பாட்டு நேரத்தில், கை வண்டியில் சாய்ந்துகொண்டு, போனில் பத்து வரி எழுதுவார். வெங்காய மூட்டைக்கும் மிளகாய் மூட்டைக்கும் முதுகு வித்தியாசம் கண்டுபிடிப்பது எப்படி என்று அவர் எழுதியதை மஷூர் ஹபீலாவுக்கு வாசித்தே காட்டினார். இருவரும் நேரில் சந்தித்ததில்லை; மஷூரை அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் அவர் எழுதுவார்.

ஹபீலாவும் எழுதினாள். இரண்டு வருஷமாக எழுதினாள். தன் கணவருடைய வாக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், தன் பக்கம் விழும் என்று பார்த்திருந்தாள். விழவில்லை.

"வீட்டு ஆளுக்கு வோட் போட்டா அது களவு, ஹபீலா" என்றார் மஷூர். "நல்லா எழுதுங்க. ஊரான் போடுவான்."

ஊரான் போடவில்லை. கனடாவிலும் லண்டனிலும் மச்சான்மார் இருப்பவர்களுக்கு ஊரான் போட்டான். அப்படியொரு மச்சானும் இல்லாத ஹபீலாவுக்கு மூன்று வாக்கு, நாலு வாக்கு. காசு கொடுத்து ஏறுவது அநியாயம் என்றால், சொந்தக்காரன் தோளில் ஏறுவது மட்டும் நியாயமா என்று அவள் ஒருநாள் கேட்டாள். மஷூர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதுவும் அநியாயம்தான் என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தார். இந்த மனுஷனோடு சண்டைகூடப் பிடிக்க முடியாது. அவளுக்கு வயிறு எரிந்தது. முகம் தெரியாத ஒரு நாட்டாமிக்கு நாள்தோறும் கிடைப்பது, பதினெட்டு வருஷம் சோறு போட்டவளுக்கு ஒருநாளும் கிடைக்கவில்லை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடையில் யாருக்கோ லென்ஸ் வெட்டிக்கொண்டிருந்தபோது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லை.

கணவன் மவுத்தானால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இத்தா இருக்க வேண்டும். ஹபீலாவுக்குப் பிள்ளைகள் இல்லை. ஹம்டன் ஒழுங்கையில் மூன்றாம் மாடியில், கடல் பக்கம் ரயில் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அவள் எழுதினாள், எழுதினாள், எழுதிக்கொண்டேயிருந்தாள். மூன்று வாக்கு, நாலு வாக்கு. இரண்டாம் மாதத்தில் போன் வந்தது.

"மிஸ், நான் கொட்டாஞ்சேனையில இருந்து றொஹான் கதைக்கிறன். மிஸ்டரிட்டத்தான் கண்ணாடி வெட்டக் குடுத்தனான். எடுக்கப் போனா ஆள் இல்லையாம். சரியான கவலை மிஸ்."

இத்தாவில் அந்நிய ஆணின் முகம் பார்க்கக்கூடாது. போனுக்கு ஏது முகம் என்று ஹபீலா தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு கேட்டாள்.

றொஹான் நாலுவரியில் 'ஏணி' என்று ஒரு சேவை நடத்தினான். காசு கொடுத்தால் நாற்பது பழைய எக்கவுண்டுகள் ஒன்றாக வாக்குப் போட்டு உங்கள் பதிவை முதல் பக்கத்துக்குத் தூக்கும். மஷூர் ஆறு வருஷமாகத் திட்டித் தீர்த்தது இவனைப் போன்றவர்களைத்தான்.

"மிஸ்டர் எழுதினதெல்லாம் நான் வாசிச்சனான். பெரிய மனுசன். ஆனா மிஸ் சொல்லுங்கோ, கடைக்கு போர்ட் போடுறேல்லையா? றேடியோவில மரண அறிவித்தல் வாசிக்கக் காசு கட்டுறேல்லையா? அதை ஆரும் அநியாயம் எண்டு சொல்றேல்லையே. அந்த எக்கவுண்ட் அங்க சும்மா கிடந்து வீணாப் போகுது. எங்களிட்டத் தாங்கோ. உங்கட போஸ்டில அறுபதை நாங்க தூக்கிவிடுறம். ஒரு சதம் வேண்டாம்."

ஒரேயொரு நிபந்தனை இருந்தது. மஷூர் இறந்ததை நாலுவரியில் சொல்லக்கூடாது. இறந்தவரின் எக்கவுண்டை அந்தத் தளம் பூட்டிவிடும்.

ஹபீலா இரண்டு நாள் யோசித்தாள். யோசித்தாள் என்று சொல்வது மரியாதைக்காக. உண்மையில் முதல் நிமிஷமே முடிவெடுத்துவிட்டு, இரண்டு நாள் வெட்கப்பட்டாள். பிறகு மஷூரின் மேசை இழுப்பறையிலிருந்த சின்னக் கொப்பியில் பாஸ்வேர்டைத் தேடி எடுத்து அனுப்பினாள்.

அடுத்த பதிவு முதல் பக்கத்தில் ஆறாம் இடத்தில் வந்தது. அதற்கடுத்தது மூன்றாம் இடம். ஆட்கள் வந்தார்கள், வாசித்தார்கள், பாராட்டினார்கள், வாங்காத வாக்குகளும் விழுந்தன. நோர்வேயிலிருந்து ஒரு பெண் அழுதுகொண்டே வாசித்ததாக எழுதினாள். ஹபீலாவுக்குத் தலைகால் தெரியவில்லை. தூக்கிவிட்ட நாற்பது பெயர்களில் மஷூரின் பெயரும் இருக்கும். அதன் கீழே "பொருத்தமான பதிவு. வாழ்த்துகள்" என்று இருக்கும். அது ஏதோ கூலிக்காரக் கை எழுதியது என்று நன்றாகத் தெரிந்தும் அவள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சந்தோஷமாகவே இருந்தது. பொய் என்று தெரிந்த சந்தோஷமும் சந்தோஷம்தான் போலிருக்கிறது.

அழகுமுத்துவின் பதிவுகள் முதல் பக்கத்தில் வருவது நின்றுபோனதை அவள் கண்டும் காணாததுபோல விட்டாள். பிறகு அவர் எழுதுவதே நின்றுபோனது. அதையும் விட்டாள்.

இத்தா முடிந்து இரண்டு வாரத்தில் றொஹானிடமிருந்து போன் வந்தது. இந்த முறை குரலில் கவலையும் இல்லை, மரியாதையும் குறைவு.

"மிஸ், எக்கவுண்டுக்குள்ள வந்து விளையாடுறீங்களோ?"

நடந்தது இதுதான். ஏணிக்கு வந்த வாடிக்கையாளர்களில் ஒரு கல்யாணத் தரகர் இருந்தார். அவருடைய பதிவைத் தூக்கிவிட்டு, வழக்கம்போல மஷூரின் பெயரில் ஒரு வரி போட்டார்கள். மறுநாள் பார்த்தால் அந்த வரி இருந்த இடத்தில் "பொருத்தமில்லை" என்று ஒரே சொல் இருந்தது. பத்துப் பொருத்தமும் பார்த்து முடித்த மாப்பிள்ளை, பெண் படத்துக்குக் கீழே. தரகர் வாய்க்கு வந்தபடி ஏசினாராம். பிழையாக விழுந்த சொல் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டார்கள். அடுத்த நாள் தேயிலைக்குக் கீழே "பொருத்தமில்லை." நிலாக் கவிதைக்குக் கீழே "பொருத்தமில்லை." கவிஞர் கனடாவிலிருந்து போன் எடுத்து, தன் கவிதையில் எது பொருத்தமில்லை என்று முக்கால் மணித்தியாலம் கேட்டாராம்.

றொஹான் இதைச் சொன்னபோது ஹபீலாவுக்குச் சிரிப்பு வந்தது. போனை வைத்துவிட்டு, லெப்டொப்பைத் திறந்து, தன்னுடைய பதிவுகளைப் பார்த்தாள். தூக்கிவிடப்பட்டவை நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றின் கீழும் மஷூரின் பெயரில் அதே சொல் இருந்தது. நேற்றுவரை இருந்த வாழ்த்து ஒன்றிலும் இல்லை.

சிரிப்பு நின்றுவிட்டது. பகல் பதினொரு மணி. கீழே காலி வீதியில் பஸ்காரன் கூவி ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான். தரகருக்கும் கவிஞருக்கும் அந்தச் சொல் வேறு எதையோ சொல்லியிருக்கலாம். அவள் வளர்ந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்.

கறுப்பு அபாயாவை மாட்டிக்கொண்டு நூறாம் நம்பர் பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய், அங்கிருந்து த்ரீவீலில் கொட்டாஞ்சேனைக்குப் போனாள்.

ஏணியின் கந்தோர் ஜம்பட்டா வீதியில், கல்யாணக் கேக் பெட்டிகள் விற்கும் ஒரு கடையின் மேல்மாடியில் இருந்தது. ஒரு நீட்டு மேசை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, நாற்பது பேருக்கு ஒரேயொரு பெண். ரதி என்று பெயர். ஹட்டன் பக்கம் தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்தவள். அவளிடம் ஒரு தடித்த கொப்பி இருந்தது. ஒவ்வொரு எக்கவுண்டுக்கும் ஒரு பக்கம்: இவர் எந்த நேரம் வருவார், எந்தச் சொல்லைப் பாவிப்பார், எதற்குக் கோபப்படுவார். ஒரே ஆள் நாற்பது பேராக எழுதுகிறாள் என்று தளம் கண்டுபிடித்துவிடாமல் இருக்க, அவர்கள் எழுதியதையெல்லாம் அவள் வாசித்திருந்தாள். மஷூரின் பக்கத்தில் 'யாரையும் புகழமாட்டார்' என்று எழுதி, கீழே கோடு போட்டிருந்தாள்.

"இவருக்குத்தாங்க்கா எழுத ரொம்பக் கஷ்டம்" என்றாள் ரதி. "மத்தவங்களுக்கு அருமை, சூப்பர்னு போட்டுறலாம். இவரு அதெல்லாம் சொல்லமாட்டாரு. அதான் பொருத்தமான பதிவுன்னு ஒண்ணு நானா யோசிச்சி வச்சேன்."

"நீங்க மாத்தல்லியா?"

"நா ஏங்க்கா மாத்துறேன். எனக்குத்தான ஏச்சு விழுது."

றொஹான் கதவோரம் கை கட்டி நின்றான். முப்பத்தைந்து வயது, கழுத்தில் சின்ன சிலுவை, மஷூர் வெட்டிய கண்ணாடி மூக்கில். ஹபீலாதான் வீட்டிலிருந்து செய்கிறாள் என்று அவனுக்கு இன்னும் சந்தேகம். ஹபீலா தன் போனை அணைத்து மேசையில் அவன் கண்முன்னால் வைத்தாள். "இப்ப எழுதுங்க" என்றாள் ரதியிடம்.

ரதி யாரோ ஒருவருடைய சமையல் பதிவைத் திறந்து, மஷூரின் பெயரில் "பொருத்தமான பதிவு. வாழ்த்துகள்" என்று போட்டாள். போட்டுவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கீழே கடையில் யாரோ பெட்டிக்கு விலை பேசினார்கள், சிங்களத்தில். லூசியா கோயில் மணி அடித்து ஓய்ந்தது.

எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. கடைசியிலிருந்து, ஒரு ஆள் நிதானமாக அழிப்பதுபோல, ள்-க-து என்று பின்னுக்கு வந்து, 'பொருத்த' என்ற இடத்தில் நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. யோசிக்கும் ஆள் நிற்கும் அளவு நேரம். பிறகு "மில்லை" என்று எழுதி, புள்ளி வைத்தது.

றொஹான் சிலுவையைப் பிடித்துக்கொண்டான். ரதி இதை ஏற்கெனவே பார்த்திருக்கிறாள் என்று அவள் முகத்தில் தெரிந்தது.

"அவரா எதையும் எழுதுறதில்லக்கா" என்றாள் மெதுவாக. "நாம அவரு பேருல எழுதுனா மட்டும் வந்து மாத்துறாரு. எனக்கு வெளங்காதது ஒண்ணுதான். பொருத்தம்னா ஜாதகந்தான பாப்பாங்க? இவரு ஏன் எல்லாத்துலயும் பொருத்தமில்லன்னு சொல்றாரு?"

ஹபீலா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்கட ஆக்கள்ட அது வேற" என்றாள். "ஒருத்தர்ட சாமானை எடுக்கிறண்டா அவர்ட பொருத்தம் வேணும். அவர் மனசோட சரியெண்டு சொல்லணும். பொழை செஞ்சா அவர்ட போய்ப் பொருந்திக்கொள்ளுங்கண்டு கேக்கணும். அவர் பொருந்தாட்டி அது ஹராம்." அவள் திரையைப் பார்த்தாள். "அவர் போஸ்டைச் சொல்லல்ல, புள்ள. எனக்குச் சொல்றார்."

மீதிப் பத்தொன்பது பதிவையும் தூக்கத் தேவையில்லை, எக்கவுண்டைத் திரும்பத் தாருங்கள் என்றாள் ஹபீலா. கொண்டுபோங்கோ மிஸ், கெதியாக் கொண்டுபோங்கோ என்றான் றொஹான். கொப்பியிலிருந்து மஷூரின் பக்கத்தை ரதி கிழித்து, நாலாக மடித்து, அவள் கையில் கொடுத்தாள்.

அன்று பின்னேரமே ஹபீலா பாஸ்வேர்டை மாற்றினாள். இனி அது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. பிறகு உட்கார்ந்து, தன் சொந்தப் பெயரில், யாரையும் தூக்கச் சொல்லாமல், எல்லாவற்றையும் எழுதினாள். மஷூர் மவுத்தானது, அதை மறைத்தது, அவருடைய வாக்கை விற்றது, அந்த வாக்கின் மேல் தான் ஏறி நின்றது. அழகுமுத்துவின் இடத்தில் தான் போய்க் குந்திக்கொண்டதையும் பெயர் சொல்லி எழுதினாள். கடைசியில் ஒரே வரி: நான் செஞ்சது பொழை, நீங்க பொருந்திக்கொள்ளுங்க.

முதல் பக்கத்தில் வராத பதிவு அது. முதல் நாள் ஒருவரும் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. நோர்வேப் பெண்ணும் வரவில்லை. உண்மையைச் சொன்னால் இடி விழும் என்று பயந்துகொண்டிருந்தாள். ஒரு ஈ காக்காகூட எட்டிப் பார்க்கவில்லை. ஏச்சு வாங்கியிருந்தாலும் மனசு ஆறியிருக்கும். அவருடைய பழைய பதிவுகளைத் திறந்து திறந்து பார்த்தாள். எங்கும் எதுவும் மாறவில்லை. அவர் தானாக எழுதமாட்டார் என்று ரதி சொன்னது ஞாபகம் வந்தது.

மூன்றாம் நாள் லுஹர் தொழுதுவிட்டு, தொழுத இடத்திலேயே இருந்துகொண்டு யோசித்தாள். தானாக எழுதமாட்டார். யாராவது எழுதினால் வந்து பார்ப்பார். பிழையென்றால் மாற்றுவார். சரியென்றால்?

சரியென்றால் விட்டுவிடுவார் அல்லவா.

இது அவளுக்கு ஒரு நியாயமாகவே பட்டது. கள்ளத்தனம் என்று பட்டிருந்தால் செய்திருக்கமாட்டாள் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அதுவும் கொஞ்சம் பட்டது, பட்டும் செய்தாள். பதினெட்டு வருஷத்தில் அவரிடமிருந்து கிடைக்காததை அவளுக்கு ஒரு தடவை திரையில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அவருடைய பெயரில் உள்ளே போனாள். தன் பதிவுக்கு அவருடைய கனத்த வாக்கைப் போட்டாள். அதன் கீழே அவருடைய பெயரில் ஒரே சொல்லை எழுதினாள்.

"பொருந்திக்கொண்டேன்."

கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். அந்தச் சொல் அப்படியே இருந்தது. தெகிவளைப் பக்கம் ரயில் ஒன்று போனது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, சொல் அதிரவில்லை. ஹபீலா அழத் தொடங்கினாள். நல்ல அழுகை. ஜனாஸாவை அடக்கக் கொண்டுபோன அன்றுகூட அப்படி அழவில்லை. முகம் கழுவிக்கொண்டு வந்து, தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து பார்த்தபோதும் அது இருந்தது. அவள் தன் சொந்தப் பெயருக்குத் திரும்பி, தன் பதிவைத் தானே, வேறு யாரோ எழுதியதுபோல, ஆற அமர வாசித்தாள்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் பதிவுக்கு முதல் வாசகர் வந்தார். மஷூர் எங்கே எழுதினாலும் தன் போனில் மணி அடிக்கும்படி வைத்திருந்த ஒரே ஆள்.

"மஷூர் நானா, அழகுமுத்து எழுதுறேன்" என்று ஆரம்பித்திருந்தது. "மேல நீங்க செத்துப்போயிட்டதா எழுதியிருக்கு. வாசிச்சதும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. வண்டியை நடுரோட்டுல விட்டுட்டேன். அப்புறம் கீழ பாத்தா நீங்களே பதில் போட்டிருக்கீங்க. இப்பத்தான் எழுதியிருக்கீங்க. என்னமோ குடும்பத்துக்குள்ள கோவம், வெளாட்டு, எனக்கு அது வேணாம் நானா. நீங்க இருக்கீங்க, அது போதும். அஞ்சு மாசமா நீங்க என் பக்கம் வரல. தேயிலைக்கெல்லாம் வோட்டு போட்டீங்க. நா என்ன தப்பா எழுதிட்டேன்னு பழசையெல்லாம் திரும்பத் திரும்ப வாசிச்சேன். ஒண்ணும் புரியல. அதான் எழுதுறத நிறுத்திட்டேன். இன்னைக்கு நாலு மணிக்கு வேல முடியுது. வெள்ளவத்தைக்கு வந்து கடையில உங்களப் பாக்குறேன். ஒரே ஒரு தடவ பாத்துட்டுப் போயிர்றேன்."

ஹபீலா அதை இரண்டு தடவை வாசித்தாள். மாதக்கணக்கில், ஒரு மனுஷன் மூட்டைக்கு நடுவில் நின்று, தன் பத்து வரியில் பிழை தேடியிருக்கிறார்.

பதில் எழுதப் போனாள். 'அழகுமுத்து, அது அவர் இல்ல' என்று மனசுக்குள் வந்தது. விரல் நகரவில்லை. அதை எழுதினால் மேலே இருக்கும் அந்த ஒரு சொல்லும் இல்லையென்று ஆகிவிடும். எழுதாவிட்டால் நாலு மணிக்கு ஒரு ஆள் பஸ் ஏறுவார், காலி வீதியில் இறங்குவார், கண்ணாடிக் கடையின் படியில் நின்று மஷூர் நானா எங்கே என்று கேட்பார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். மூன்று ஐந்து. மூன்று ஒன்பது. இன்னும் நேரமிருக்கிறது என்று சொல்லிக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நேரம் அந்தச் சொல் அங்கே இருக்கட்டும் என்று கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

மூன்று பதினொன்றுக்கு வாக்கு எண்ணிக்கை ஒன்றிலிருந்து பூச்சியமானது.

பிறகு அந்தச் சொல் கடைசி எழுத்திலிருந்து பின்வாங்கத் தொடங்கியது. இந்த முறை இடையில் எங்கும் நிற்கவில்லை, யோசிக்கவுமில்லை. முழுவதும் அழிந்து, வெறும் இடமாகி, அந்த வெறும் இடத்தில் புதிதாக எழுத்துகள் வந்தன. அவர் கடையில் வாடிக்கையாளருக்கு ரசீது எழுதும் அதே நிதானத்தில் ஒவ்வொன்றாக வந்தன. ஹபீலாவின் கைகள் இரண்டும் மடியில் இருந்தன.

"நாலு மணிக்கு வர வேணாம், அழகுமுத்து. இங்க இருந்த சொல் என்ட மனைவி எழுதினது. நான் மவுத்தாகி அஞ்சு மாசம்."